முசேயும் என் விசிலும்

ஓய்வு பெற்ற பிறகு, புதுச்சேரியில் சேதராப்பட்டுப் பக்கம் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்கு உதவிக்குப் போய்வருகிறேன். அங்கே சர்க்கரை நோயுள்ள கிழட்டுக் குரங்கு ஒன்று இருந்தது. அதன் மிடுக்கான நடையைப் பார்த்து, பிரெஞ்சில் ‘ஐயா’ என்று பொருள்படும் முசே என்ற பெயரை வைத்திருந்தார்கள். தினமும் ஊசி போட வேண்டும். வலை வீசிப் பிடித்தால் நடுங்கிப்போய் அன்று முழுக்கச் சாப்பிடாது.

அதனால் அதுவாகவே வந்து தோளைக் காட்டப் பழக்கினோம். தோள் கூண்டுக் கம்பியைத் தொட்டதும் நான் விசில் அடிக்க வேண்டும். செய்தது சரி என்று அதற்குச் சொல்வது அந்த விசில்தான். உடனே பராமரிப்பாளர் பர்வீன் வேர்க்கடலை கொடுப்பார்.

பத்து நாளாகியும் முசே தோளை வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டது. ‘பிடிவாதம்’ என்று நோட்டில் எழுதினேன்.

“பிடிவாதம்லாம் இல்ல சார்,” என்றார் பர்வீன். “அது தோளை வைக்கும்போது நீங்க வாட்ச்சைப் பாத்து நேரம் எழுதுறீங்க. இழுத்துக்கினப்புறம் விசில் அடிக்கிறீங்க. இழுத்தாத்தான் கடலைன்னு அது கத்துக்கிச்சு.”

“முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“சொன்னேனே. அதையும் தேதி போட்டு எழுதிக்கினீங்க.”

புரட்டிப் பார்த்தேன். எழுதியிருந்தேன்.

நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டுத் தோளை மட்டும் பார்த்தேன். தொட்டதும் விசில் அடித்தேன். சில நாட்களில் முசே கம்பியில் சாய்ந்து நின்றது. டாக்டர் ஊசி போட்டு முடித்ததும், கடலைக்காக நிதானமாகக் கையை நீட்டியது.

அது நடந்தது எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது. அந்தத் தோளில் இருந்த நரைமுடி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.