மிஷின் பார்க்கப் போனோம், கை நனைக்கவில்லை

கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிப்பதுதான் அந்த நாட்களில் என் பிழைப்பு. மரவேலை என் கிறுக்கு. வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி ஓலைச் சாய்ப்பு ஒன்று இறக்கி, அதில் ஒரு வேலைமேசையும் ரம்பமும் இரண்டு இழைப்புளிகளும் வைத்திருந்தேன். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. மரத்தைக் கெடுத்துக் கெடுத்துப் படித்ததுதான்.

எதிர்வீட்டுக்காரர் சாயங்காலம் அந்த வழியாகப் போகும்போது தலையை மட்டும் உள்ளே நீட்டுவார். "என்ன வே, இண்ணைக்கு எந்த மரத்துக்குக் கேடுகாலம்?" என்பார். நான் முதலில் செய்த நாற்காலிக்குக் கால் நான்கு. ஆனால் ஒரு கால் தரையைத் தொடாது. என் மனைவி அதற்கு 'மூணேமுக்கால்' என்று பெயர் வைத்துவிட்டாள். பிடிக்காத ஆள் யாராவது வந்தால், "அந்த மூணேமுக்காலை எடுத்துப் போடுங்கோ, சீக்கிரம் எழும்பிருவாரு" என்பாள். இப்படிப்பட்ட பேச்சுகள் காதில் விழுந்தால் எனக்கு ஒரு நாள் சோறு வேண்டாம். கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கும்போது நினைவு வந்து தனியாகச் சிரிப்பேன். வாடிக்கையாளர்கள் அளவில் ஏதோ கள்ளம் என்று நினைத்துத் துணியை மறுபடி அளக்கச் சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதக் காற்றில், என் மாமனார் வீட்டுப் பலாமரம் சாய்ந்தது. அது என் மனைவியின் மரம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, "இது உனக்குள்ளது" என்று அவள் அப்பா சொல்லியிருந்தாராம். அண்ணன்மாருக்கு வயல் போயிற்று, தோப்பு போயிற்று, இவளுக்கு மரம். அவர்களும் சொன்ன சொல் மாறாமல், அறுப்புக்காரர்களை வைத்துப் பலகையாக அறுத்து வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அடிமரத்தில் பொந்து விழுந்திருந்ததால் நல்ல நீளம் அதிகம் தேறவில்லை. எங்கள் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். அந்தப் பலகையில் மகளுக்கு ஓர் அலமாரி செய்ய வேண்டும் என்பது மனைவியின் ஆசை. அளந்து பார்த்தேன். அலமாரியின் உயரத்துக்குப் பலகை சரியாக இருந்தது. சரியாக என்றால், இந்தப் பக்கம் ஒரு விரற்கடை வெட்ட முடியாது, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை வெட்ட முடியாது.

அறுப்புக்காரர்கள் ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று இழுக்கிற ரம்பத்தில் பலகை ஒரே கனமாக வராது. ஒரு முனை தடிப்பு, ஒரு முனை மெலிவு, நடுவில் வயிறு. இழைப்புளியைப் போட்டு ஒரு பலகையை நேராக்கப் பார்த்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். மனைவி வந்து பலகையின் நெடுகே ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அலமாரி செய்யிதியளா, வள்ளம் செய்யிதியளா?" என்றாள். பலகை படகின் பக்கம்போல வளைந்துதான் கிடந்தது.

"ஏட்டி, இதுக்கெல்லாம் மிஷின் வேணும். ஒரு பக்கம் பலகையைக் குடுத்தா மறுபக்கம் ஒரே கனமா வரும்."

"அப்ப மிஷினைப் பாருங்கோ. அதுவரைக்கும் எனக்க பலகையில கை வைக்கப்பிடாது."

புது மிஷினுக்கு நான் எங்கே போவேன். பழையதுதான் தேடினேன். முதலில் கோட்டாற்றிலேயே ஒரு பழைய இரும்புக் கடையில் ஒன்று கண்ணில் பட்டது. பச்சைப் பெயிண்ட் அடித்து, எண்ணெய் பூசி, மாப்பிள்ளை போல நின்றது. வார் போட்டு எண்ணெய் எஞ்சினில் ஓட்டுகிற மிஷின். எஞ்சின் எங்கே என்று கேட்டேன். "அது ஒண்ணு மட்டும் நீங்க வாங்கினாப் போதும்" என்றார் கடைக்காரர். வீட்டில் வந்து சொன்னேன். "மாட்டுக்கு மணி வாங்கப் போன ஆளு, மணிக்கு மாடு வாங்கிட்டு வரப் பாக்காரு" என்று மனைவி அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அதோடு அந்தப் பச்சை மாப்பிள்ளை போயிற்று.

பிறகு கடைக்கு வந்த ஒரு மீன் வியாபாரி சொல்லித்தான் மணவாளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருப்பது தெரிந்தது. கொழும்பில் பல வருஷம் மேசை நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருந்து ஊர் திரும்பியவர். கையால் சக்கரம் சுற்றுகிற இழைப்பு மிஷின் ஒன்றைக் கப்பலில் கூடவே கொண்டுவந்திருந்தார். சக்கரத்தை ஒருவர் சுற்ற வேண்டும், பலகையை ஒருவர் கொடுக்க வேண்டும். அவருக்கு இப்போது தோள் வலி. ஆள் விட்டு விலையும் கேட்டாகிவிட்டது. எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலைதான். பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்ள வேண்டியது.

"நானும் வாறேன்" என்றாள் மனைவி.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்கப் போனால், பேச்சு முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். அப்புறம் மாட்டேன் என்று சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் முகத்தில் முழிக்க முடியாது. ஊரார் இதைப் பெண் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். என் மனைவி பசுமாடு வாங்குவதற்கும் இதையேதான் கடைப்பிடிப்பாள். போகிற வழியில் பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "மிஷின் பிடிச்சாலும் பிடிக்காட்டாலும், நான் உக்காராம நீங்க இலையில உக்காரப்பிடாது." அவள் மடியில் ஒரு துணிப்பை. அதில், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, எங்கள் பலாமரத்தின் பொந்துப்பக்கக் கழிவுத் துண்டுகள் இரண்டு. என் கக்கத்தில், கடையில் துணி அளக்கிற இரும்புக் கம்பி. முதலாளியிடம் இரவல் கேட்டு வாங்கியது. அதைவிட நேரான பொருள் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

கொழும்புக்காரர் வாசலிலேயே நின்றார். இடுப்பில் கட்டம் போட்ட சாரம், முகத்தில் பெரிய சிரிப்பு. "வாங்க தம்பி, வா தங்கச்சி. காலையில புறப்பட்டிருப்பிய. முதல்ல சாப்பாடு, பிறகு மிஷின்."

"முதல்ல மிஷினைப் பாத்திருவோம் அண்ணாச்சி" என்றாள் மனைவி.

"அப்பக் காப்பியாவது குடிங்க."

நான் டம்ளரை வாங்கிவிட்டேன். கருப்பட்டிக் காப்பி, சுக்கு மணம். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் காப்பி ஆறிப்போயிருக்க வேண்டும். அதைக் கண்ட கொழும்புக்காரரின் மனைவி சிரித்துவிட்டார். "குடிக்கட்டும் மக்ளே. காப்பி கணக்கில சேராது. எங்க வீட்டுலயும் பொண்ணு கட்டிக் குடுத்திருக்கோம்லா, எங்களுக்குத் தெரியாதா." அந்த அம்மா அப்படிச் சொன்னதும் எங்கள் நான்கு பேருக்கும் நடுவில் இருந்த கூச்சம் பாதி போயிற்று.

மிஷின் கொட்டகைக்குள் நின்றது. பெயிண்ட் உரிந்த இரும்பு. ஆனால் துரு இல்லை. ஆள் உயரச் சக்கரம். அவர் ஒரு மாமரப் பலகையை எடுத்து வைத்திருந்தார். என்னைச் சக்கரம் சுற்றச் சொன்னார். உருளை பலகையை இழுத்துக்கொண்டு போக, மறுபக்கம் பட்டுப்போல வந்தது. சீவல் பறந்து என் தலையெல்லாம். அங்கேயே என் மனசைக் கொடுத்தாயிற்று.

மனைவி பையைத் திறந்து ஒரு பலாத் துண்டை நீட்டினாள். "இதையும் ஒண்ணு விட்டுப் பாருங்கோ அண்ணாச்சி."

விட்டோம். மேலே பார்க்க அழகாகத்தான் வந்தது; மஞ்சள் நிறம் வெயில் போல எழுந்தது. நான் இரும்புக் கம்பியைப் பலகையின் நெடுகே நிறுத்தினேன். நடுவில் கம்பி உட்கார்ந்திருந்தது. இரண்டு முனையிலும் கம்பிக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. தலைப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கும் வால்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கும் மிஷினின் வெட்டலகு கூடுதலாகக் கடித்திருந்தது. மாமரப் பலகையிலும் வைத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே.

கொழும்புக்காரர் மறைக்கவில்லை. "கடிக்கத்தான் செய்யும் தம்பி. உள்ள ரெண்டு உருளை இருக்கு. நடுவில போகும்போது ரெண்டும் அமுக்கிப் பிடிக்கும். தலை நுழையும்போது முன் உருளை மட்டும்தான், வால் போகும்போது பின் உருளை மட்டும்தான். அந்த நேரம் பலகை லேசாத் தூக்கும், அலகு கடிக்கும். நாங்க மீனு மாதிரிதான் பாப்போம். தலையையும் வாலையும் வெட்டிப் போட்டுட்டு நடுத்துண்டை எடுத்துக்கிடுவோம். கொழும்பில மரத்துக்கு என்ன பஞ்சம்."

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை நான் வாய்விட்டு ரசித்திருப்பேன். அன்றைக்கு என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் பலகைக்கு வெட்டிப் போடத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. வெட்டினால் அலமாரி மகளின் தோளுக்கு நிற்கும். வெட்டாவிட்டால் மேலும் கீழும் குழி விழுந்த அலமாரி. அவள் அந்தத் துண்டை வாங்கி, முனையில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். அது அவள் ஏறி விளையாடிய மரம்.

"நல்ல மிஷின்தான் அண்ணாச்சி" என்றாள் கடைசியில். "எங்க மரத்துக்குத்தான் நீளம் காணாது."

அவர் முகமும் வாடிவிட்டது. மிஷின் விலைபோகவில்லை என்பதற்காக அல்ல. "சாப்பிடாமப் போனா எனக்கு வருத்தம் உண்டும், தங்கச்சி" என்றார்.

உள்ளே அந்த அம்மா எங்களுக்காகப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அடுப்படி கொட்டகைக்கு எதிரில்தான். மூங்கில் குழலைப் பானை வாயிலிருந்து எடுத்து, இலைக்கு நேரே பிடித்து, பின்னாலிருந்து கம்பால் தள்ளினார். முன்னால் வைத்த தேங்காய்ப்பூ பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் பின்னால் மாவு உருளையாக, முனை சிதறாமல் வந்தது. கடைசியில் பின்பக்கத்துத் தேங்காய்ப்பூவும் உதிர்ந்து விழுந்தது. மனைவி அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"அக்கா, இன்னொரு குழல் தள்ளுங்கோ" என்றாள்.

"பசிக்கா மக்ளே?"

"இல்லக்கா. சும்மா தள்ளுங்கோ."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். இரண்டாவது குழலும் தள்ளினார். மனைவி கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, உதிருகது எல்லாம் தேங்காப்பூதான். மாவு முழுசா வருது பாத்தியளா? நம்ம பலகைக்கு முன்னால ஒரு மாமரத் துண்டு, பின்னால ஒரு மாமரத் துண்டு, இடம் விடாம முட்ட வச்சு ஒண்ணா விட்டா என்ன? கடிக்கதை அதுகளைக் கடிக்கட்டும்."

கொழும்புக்காரர் தன் மிஷினைப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்து, அந்த மாமரப் பலகையை இரண்டாக அறுத்தார். பையில் மீதியிருந்த பலாத் துண்டும் ஏறத்தாழ அதே கனம்தான். நான் சக்கரத்தைப் பிடித்தேன். முதலில் மாமரம், அதன் வாலில் முட்டிக்கொண்டு பலா, அதன் வாலில் முட்டிக்கொண்டு மறுபடி மாமரம். இடைவெளி விழாமல் மனைவி பின்னாலிருந்து கையால் தள்ளிப் பிடித்தாள். மூன்றும் ஒரே பலகைபோலப் போயின.

மறுபக்கம் வந்ததும் நான் கம்பியை எடுத்தேன். முன்னால் போன மாமரத்தின் தலையில் குழி. பின்னால் போனதன் வாலில் குழி. நடுவில் வந்த பலாத் துண்டில் கம்பி தலையிலிருந்து வால்வரை அட்டைபோல ஒட்டி நின்றது. கீழே வெளிச்சமே இல்லை. கொழும்புக்காரர் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், என் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தார்.

"எத்தனை தலையும் வாலும் கொழும்புக் கடல்ல போட்டாச்சு" என்றார், தன் மனைவியைப் பார்த்து. "நீ தினமும்தான புட்டு அவிச்ச. ஒரு வார்த்தை பறைஞ்சியா?"

"நீங்க என்னைக்கு நான் குழல் தள்ளுகதைப் பாத்திய? இலையைத்தான பாத்திய" என்றார் அந்த அம்மா.

என் மனைவி வாங்குகிறோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இலையின் முன் உட்கார்ந்தாள். "எனக்கு மீனில வால்துண்டு போதும் அக்கா" என்றாள். கொழும்புக்காரர் வாசலுக்குப் போய், தெருவில் யாரையோ கூப்பிட்டு மிஷினை ஏற்ற வண்டிக்குச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன். புட்டும் நெய்மீன் குழம்பும்.

சாய்ப்பில் மிஷினை இறக்கியபின் வேலை பங்கிட்டாயிற்று. "பலகை எனக்குள்ளது, சக்கரம் உங்களுக்குள்ளது" என்றுவிட்டாள். கடை விட்டு வந்து நான் சுற்றுவேன், அவள் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் நாள் என்று மிஷின் மேல் துணி போட்டு மூடிவிடுவாள். முன்னும் பின்னும் வைக்கிற மாமரத் துண்டுகளுக்கு எங்கள் வீட்டில் தேங்காப்பூ என்றே பெயர். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தேங்காப்பூ ரெண்டும் மெலிஞ்சு போச்சே, வேற மாத்துங்கோ" என்று உள்ளூர் நிபுணர்போலச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மகள் கல்யாணத்துக்குக் கொழும்புக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் பந்திக்குப் போகவில்லை. நேரே அலமாரிக்குப் போனார். கதவைத் திறந்து, பக்கப் பலகையின் உச்சியில் விரலை வைத்து மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார். அடியில் வந்ததும் குந்தியிருந்து அங்கேயும் தடவினார். மறுபக்கத்துப் பலகையையும் அதேபோல. கல்யாண வீட்டுக் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

என் மனைவி கையில் சாம்பார் வாளியோடு அந்த வழியாக வந்தவள் நின்றாள்.

"பாத்துட்டியள்லா அண்ணாச்சி? அப்ப வாங்கோ, கை நனைக்கலாம்."