கோட்டாற்றில் எனக்கு வந்த மூட்டை

கோட்டாற்றில் அடுத்த வீட்டில் தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நான்கு குடித்தனம்; நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு கொல்லையாவது கிடக்கும். ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையைத் தாண்டி மலையாள ராஜா சீமைக்குள் வந்தால் காசுதான் மாறும், பேச்சு நம் தமிழ்தானே என்று நம்பித்தான் இங்கே துணிக்கடை வேலைக்கு வந்தேன்.

ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்து ஞானம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் கடியப்பட்டணத்தில் கருவாடு வாங்கி விற்பவர். மகள் எஸ்தர் பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

“அண்ணாச்சி, வீட்டுல மூட்டை நெறஞ்சு போச்சு. நெறமாசப் பிள்ளைக்குக் கெடக்க முடியல்ல. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரு அறிஞ்சா எங்கள எறக்கி விட்டிருவாரு.”

கருவாட்டு மூட்டை என்றே நினைத்தேன். “இவ்வளவுதானே? எத்தனை மூட்டை ஆனாலும் நம்ம வீட்ல போடுங்க. பொண்ணையும் அழைச்சிட்டு வாங்க” என்றேன். அவள் அழுதுவிட்டாள். நாலு மூட்டைக்கு இடம் கொடுத்ததற்கா அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

மத்தியானம் எஸ்தரும் அவள் கட்டிலும் வந்து சேர்ந்தார்கள். கட்டிலைத் தரையில் வைத்த அதிர்வில் சட்டத்து இடுக்கிலிருந்து மூட்டைப்பூச்சி பொலபொலவென்று உதிர்ந்தது. இந்த ஊரில் அதற்கு வெறும் மூட்டை என்றே பெயராம்! “இதையா வரச் சொன்னீங்க?” என்று என் மனைவி பல்லைக் கடித்தாள். எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் முகத்தையே பார்த்தாள். கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மனைவியே கட்டிலில் ஊற்ற அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

வெந்நீருக்கும் மூட்டை முழுதாக ஒழியாமல், கட்டிலை வெயிலில் போட்டிருந்த ஒருநாள் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

“மூட்டை ஆருக்கது?”

ஞானம்மாளின் முகம் வெளிறிப்போயிற்று.

“எங்களோடது. ஊர்லேருந்து வந்தது” என்றேன்.

“பாண்டிக்காரனுக்கு வீடு குடுத்தா இதாக்கும் வரும். இன்னைக்கே எறங்கணும்.” சவுக்கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் எவனும் இங்கே பாண்டிக்காரன்தான்.

உள்ளே குழந்தை வீறிட்டது. முந்தின நாள்தான் எஸ்தருக்குப் பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவள் கிடக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. “செரி, நல்லா வெந்நி ஊத்தும்” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

ஊருக்குப் போனால் என் தம்பி என்னை மலையாளத்தான் என்று கேலி செய்கிறான். இங்கே யார் எஸ்தரின் பயலைக் கொஞ்சினாலும் ஞானம்மாள் பெருமையாக, “பாண்டிக்காரருக்க வீட்டுலயாக்கும் இவன் பெறந்தான்” என்கிறாள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. இப்போது அவன் யாரையும் கேட்காமல் எங்கள் வாசற்படி தாண்டி, தன் வீடு என்ற உரிமையோடு தவழ்ந்து வருகிறான். நான் எழுந்து வழிவிடுகிறேன்.