ஜெர்விஸ் விரிகுடாவில் கட்டாமல் விட்ட உலை

காலை ஏழு மணிக்கு மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம், நானும் என் மாமனாரும். ஜெர்விஸ் விரிகுடா தெற்கே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். பின் இருக்கையில் கேமராப் பை, முக்காலி, ஒரு டப்பா புளியோதரை.

அணு யுகத்தில் தொடங்கிப் பிறகு கைவிட்ட இடங்களைத் தேடிப்போய்ப் படமெடுப்பது சில ஆண்டுகளாக என் பழக்கம். ஆளில்லாத யுரேனியச் சுரங்க ஊர், குண்டு சோதித்த பாலைவனத்தில் மிஞ்சிய கொட்டகைகள் என்று கொஞ்சம் சேர்ந்திருந்தன. பரமட்டாவில் சின்னதாக ஒரு கண்காட்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கடைசிப் படத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

மாமா கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலையைக் குளிர்விக்கக் கடல்நீர் இறைக்கும் பிரிவு. எங்களிடம் வந்து ஒரு மாதமாகிறது. ஹாலில் மாட்டியிருந்த படங்களை முதல் நாளே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு மனிதரின் தொழில் பாழடைந்து கிடப்பதை அவர் சாப்பிடும் மேசைக்கு எதிரே தொங்கவிட்டிருக்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. கழற்றிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். கழற்றினால்தான் அப்பா வருத்தப்படுவார் என்றார். இந்தப் பயணத்துக்குத் தானும் வருவதாக மாமாவே சொன்னபோது, மறுக்கவும் முடியவில்லை, மகிழவும் முடியவில்லை.

வொலொங்கொங் தாண்டியதும் இடப்பக்கம் கடல் தெரிந்து மறைந்தது. பெரி என்ற சிற்றூரில் காபி குடித்தோம். சர்க்கரை போதவில்லை என்றார் மாமா. பத்தரை மணி வாக்கில் தேசியப் பூங்காவின் வாசலுக்கு வந்து, வண்டிக்கு இருபது டாலர் கட்டி உள்ளே நுழைந்தோம். இது ரெக் பே பழங்குடி மக்களின் நிலம். இருபுறமும் யூகலிப்டஸ் காடு. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்த மாமா, “இது குளிக்க வர்றவங்களுக்குப் போட்ட ரோடு மாதிரி தெரியல. பாரம் ஏத்திட்டு வர்றதுக்குப் போட்டிருக்காங்க” என்றார்.

அவர் சொன்னது சரிதான். இந்த நாட்டின் முதல் அணுமின் நிலையத்தை இங்கேதான் கட்டுவதாக இருந்தது. மரங்களை வெட்டி, நிலத்தைச் சமன் செய்து, கான்கிரீட்டும் போட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆட்சித் தலைமை மாறியது, செலவு அதிகம் என்றார்கள், வேலை நின்றது. சமன் செய்த இடம் இன்று மர்ரேஸ் கடற்கரையின் கார் நிறுத்துமிடம்.

வெறும் கார் நிறுத்துமிடம். அதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை. வெள்ளைக் கோடுகள், குப்பைத் தொட்டி, படகு இறக்கும் சரிவு. துருவும் இல்லை, இடிபாடும் இல்லை. முக்காலியை எங்கே வைப்பதென்றே தெரியாமல் நின்றேன்.

பக்கத்து வேனிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், மெல்போர்னிலிருந்து குடும்பத்தோடு வந்தவராம். மீன் ரோல்ஸ் தந்தார். கார் நிற்கும் தரையைப் படமெடுக்க இவ்வளவு தூரம் வந்தோமா என்று வியந்தவருக்கு விஷயத்தைச் சொன்னேன். தன் மகள்கள் நீந்திக்கொண்டிருந்த திசையைப் பார்த்தார்.

“அப்ப அதைக் கட்டியிருந்தா நாங்கள் இஞ்ச வந்திருக்கேலாது, என்ன?”

“ஆமா. வேலி போட்டிருப்போம்” என்றார் மாமா.

‘போட்டிருப்பாங்க’ என்றில்லாமல் ‘போட்டிருப்போம்’ என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மணலில் இறங்கி நடந்தோம். எதிரே போவன் தீவு, நடுவே கண்ணாடி போன்ற நீர். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: என் படங்கள் அவருக்குக் கஷ்டமாக இருக்கின்றனவா?

மாமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பாழாப் போனதை எடுக்கறது தப்பில்லம்மா. ஆனா எல்லாப் படத்துலயும் கதவு, பைப்பு, சுவருன்னே இருக்கு. ஒரு ஆளைக் காணோம். நாங்க கல்பாக்கத்துல டிபன் பாக்ஸ் கொண்டுபோய்ச் சாப்பிட்டிருக்கோம், சண்டை போட்டிருக்கோம், பயந்திருக்கோம். உன் படத்தைப் பார்த்தா யாருமே இருந்ததில்லங்கிற மாதிரி இருக்கு.”

ஆளில்லாமல் இருப்பதுதான் அந்தப் படங்களின் அழகு என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

அவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நீரில் இறங்கினார். கல்பாக்கத்தில் அவ்வளவு கடல்நீரை இறைத்தவர், ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போவோமே தவிர கடலில் நின்றதே அபூர்வம் என்றார். குளிர் தாங்காமல் சீக்கிரமே கரையேறினார்.

மேலே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அவரை நிற்கச் சொன்னேன். வேன்கள், துண்டு போர்த்தித் திரியும் பிள்ளைகள், நடுவே ஈரக் காலோடு மாமா. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நிலையத்தின் அடையாள அட்டைக்கு நிற்பவர் மாதிரி நேராக நின்றார். எடுத்த படத்தைக் காட்டி, கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“இங்க வேலை பார்க்காத ஆள்னு போடு” என்றார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

மதியம் கிளம்பினோம். இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கார் எங்கள் பின்னால் பொறுமையாக நின்றது. நான் வண்டியை வெளியே எடுத்ததும் அது உள்ளே நுழைந்தது. இதுவரை நான் படமெடுத்த எந்த இடத்திலும், நான் எப்போது கிளம்புவேன் என்று யாரும் காத்திருந்ததில்லை.