அவருக்குக் கிடைக்காத சீட்

சபையார் எல்லாருக்கும் என் அன்பான ஸ்தோத்திரம். எங்கள் வீட்டுக்குள் பொறாமை புகுந்ததையும், கர்த்தர் அதில் எனக்குச் செய்த உதவியையும் சொல்லத்தான் நிற்கிறேன். என் கணவர் செல்வினும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். சொல்லச் சொன்னதே அவர்தான்.

நாங்கள் நாசரேத் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். இருவருமே சிவில் டிப்ளமோ. அவர் பனியன் கம்பெனிக் கட்டடங்களில் சைட் சூப்பர்வைசர். நான் ஒரு இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரைகிறேன். 2005-ல் கோவையில் மாலை நேர பி.இ. படிப்புக்கு இருவரும் நுழைவுத் தேர்வு எழுதினோம். எனக்குச் சீட் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

முதலில் நல்லபடியாகத்தான் இருந்தார். நவீன கட்டுமான முறைகள் என்ற பாடம் தொடங்கியதும் எல்லாம் மாறியது. வேறிடத்தில் கான்கிரீட்டில் வார்த்துக் கொண்டுவந்த சுவரைக் கிரேனில் தூக்கி நிறுத்துவது, இரும்புச் சட்டங்களை போல்ட் போட்டு ஷெட் எழுப்புவது என்று நான் ஆசையாகச் சொல்வேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். "இன்ஜினியரம்மா வந்தாச்சு, சோறு வைங்க" என்று ஆளில்லாத அடுப்படியைப் பார்த்துச் சொல்வார். நான் குளிக்கப் போனால் என் புத்தகத்தைப் புரட்டுவார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் மூடிவிடுவார். போதகர் என் படிப்புக்காக ஜெபித்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணை மூடவே இல்லை. நானும் மூடவில்லை, அதனால் தெரியும்.

ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "எட்டு வருசமா வெயில்ல நிக்கது நானு. பட்டம் மட்டும் உனக்கா?"

மறுநாளே வீரபாண்டியில் சைட்டிலேயே தங்கப் போய்விட்டார். போன் செய்தால் எடுப்பதில்லை. படிப்பை விட்டுவிடலாம் என்றே முடிவு செய்தேன். அவருக்கும் ஒரு சீட் கொடும் ஆண்டவரே என்று முதலில் ஜெபித்தேன். பிறகு, என் சீட்டையே எடுத்துக்கொள்ளும் என்றேன். கடைசியில் அதற்கும் தெம்பில்லை. அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று அழுதேன்.

ஆடி மாதம். ஒரு மத்தியானம் தலை நிமிர்ந்தால், என் ஆபீஸ் மேசை முன்னால் அவர் நிற்கிறார். தலையெல்லாம் புழுதி. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த இரும்பு ஷெட்டுக்குக் காத்தைப் பத்தி உங்க வாத்தியார் என்ன சொன்னாரு?"

அவருக்கு அதுதான் முதல் இரும்பு ஷெட். தூண்கள் நின்றுவிட்டன. அவற்றைக் குறுக்காக இழுத்துக் கட்டும் கம்பிகள் வந்து சேரவில்லை. முதலாளியோ அவசரப்படுத்துகிறார். என்னிடம் வந்து கேட்க அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். குறுக்குக் கம்பி இல்லாமல் கூரை போடக்கூடாது, அதுவரை ஒவ்வொரு தூணையும் இரும்புக் கயிற்றால் தரையோடு இழுத்துக் கட்ட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

முதலாளி சம்மதிக்கவில்லையாம். "ஏனுங்க தம்பி, நாளைக்கு ஷீட்டுப் போட்டாகோணுமுங்க. காத்து வருசா வருசம் அடிக்கறதுதானுங்களே" என்றாராம். வேலை போனாலும் பரவாயில்லை என்று இவர் நின்று, ஆட்களை வைத்து எல்லாத் தூண்களையும் கட்ட வைத்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காற்று கிளம்பியது. பக்கத்துக் காம்பவுண்டில் பாதி எழுந்த ஷெட் அப்படியே சாய்ந்தது. நல்லவேளையாக அங்கே ஆள் இல்லை. எங்கள் தூண்களின் அடியில் ஆட்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு தூணும் அசையவில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். என் பக்கத்தில் முழங்கால் போட்டு, "எனக்கு இன்னும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு ஆண்டவரே, நீரே எடுத்துப் போடும்" என்று சத்தமாகவே ஜெபித்தார். அப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதே இல்லை.

அடுத்த சேர்க்கையில் அவருக்கும் சீட் கிடைத்தது. இப்போது ஒரே ரயிலில் போய் வருகிறோம். அன்பானவர்களே, மனதில் இருக்கும் கசப்பை நல்ல வார்த்தையால் மூடி ஆண்டவரிடம் கொண்டுபோகாதீர்கள். இருப்பதை இருப்பதுபோலவே சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.

போன வாரம் என் கணவருடைய ரிசல்ட் வந்தது. அதே நவீன கட்டுமானப் பாடத்தில் என்னைவிட அதிக மார்க். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.