பாரம் தூக்காத நாள்

இண்டைக்கு எனக்கு ஓய்வு நாள்.

தபாலில வந்த தேகப்பயிற்சிப் புத்தகம் சொல்லுது, புதுசாப் பாரம் தூக்கிறவன் ஒருநாள் தூக்கினால் மற்ற நாள் கட்டாயம் ஓய்வெடுக்க வேணுமாம். அப்பதான் சதை வளருமாம்.

வளரட்டும் எண்டு காலமை கதிரையில சாய்ஞ்சு இருந்தன். எழும்பிப் பாத்தால் முத்தத்தில என்ர பாரத்தைக் காணேல்லை. இரண்டு பிஸ்கட் பேணியில சீமெந்து ஊத்தி, நடுவில இரும்புக் குழாய் செருகி நானே செய்த சாமான். அதைப் போய் ஆர் களவெடுப்பான்?

பக்கத்துக் கந்தையா அண்ணையின்ர வயலில கண்டன். உழுத சேத்தை மட்டமாக்க எருமைகள் இழுக்கிற பலகைக்கு மேல, கயித்தால கட்டிக் கிடக்குது.

“கந்தையா அண்ணை, அது நான் உடம்பு வளக்கிற சாமான்!”

“ஓம் வாத்தியார், தெரியும். இண்டைக்கு நீங்கள் தூக்கமாட்டியள் எண்டு உங்கட மனுசிதான் சொன்னவா. சும்மா கிடக்குதெண்டு எடுத்தனான். ஆனால் பலகைக்குப் பாரம் காணாது. நீங்களும் ஒருக்கா ஏறுங்கோ.”

“எனக்கு ஓய்வு நாள், அண்ணை.”

“நல்லதாப் போச்சு. ஏறிச் சும்மா நிண்டால் காணும்.”

சும்மா நிக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டு அந்தப் பலகையில நிண்டவனுக்குத்தான் தெரியும். பின்னேரம்வரை எருமை வாலைப் பிடிச்சுத் தொங்கினன். புத்தகத்தில படம் போடாத சதையெல்லாம் இப்ப நோகுது.

மனுசி சுடுதண்ணி வைச்சுத் தந்தவா. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தந்தவா. சிரிக்கிறா எண்டு தோள் குலுங்கினதில தெரிஞ்சுது.

ஓய்வு நாளில களைச்சவன் எந்த நாள் ஓய்வெடுக்கிறது? புத்தகத்தில இல்லை. தெரிஞ்சவை கெதியாச் சொல்லுங்கோ. கந்தையா அண்ணைக்கு இன்னும் அரைவாசி வயல் கிடக்குது.