பத்தில் ஒருத்தி

அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் மாரிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். லைட்டர்தான், தீக்குச்சி வீட்டுக்குள் வரக் கூடாது. தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியில் இருந்துகொண்டு இப்படி ஒருத்தி! “குச்சி உரசுத சத்தம் கேட்டாலே ஈரக்கொல நடுங்குது அண்ணாச்சி” என்பாள் மளிகைக் கடைக்காரரிடம்.

கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை. வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிப்போனதால், மற்றவர்கள் இரண்டு போடுவதற்குள் இவள் ஒன்றுதான் போடுவாள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. டவுன் பஸ்ஸில் யாராவது கையை உற்றுப் பார்த்தால், “வெடி பட்டது. போதுமா?” என்று வெடுக்கென்று கேட்டுவிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டாசு ஆலை வெடித்தபோது இவள் வேலை பார்த்த அறையில் இவளையும் சேர்த்துப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். இவளுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் நான்கு மாதம். மற்றவர்கள் அடுத்த வார்டில் இருப்பதாகச் சொந்தக்காரர்கள் சொல்லிவைத்தார்கள். அதை நம்பி, “இயேசப்பா, பத்துப் பேரையும் எழுப்பி விடும். ஆயுசு பூரா சபையில நின்னு சாட்சி சொல்லுதேன்” என்று நேர்ந்துகொண்டாள், பைத்தியக்காரி. மற்ற ஒன்பது பேரையும் வெடித்த வாரமே அடக்கம் பண்ணியிருந்தார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பத்தில் ஒருத்திதான் எழுந்தாலும் நேர்ந்தது நேர்ந்ததுதானே? ஞாயிறுதோறும் ஜெபவீட்டில் எழுந்து, “என்னய சுகமாக்குன ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். முன்வரிசையில் முப்பிடாதி அக்கா இருப்பாள். செத்த ஒன்பதில் ஒருத்தியான ரேணுகாதேவியைப் பெற்றவள். அவள் காதுபட எந்த வாயால் நன்றி சொல்வது?

போன ஞாயிறு பாஸ்டர் பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். பத்துப் பேரையும் இயேசு சுகமாக்கினார். ஒருத்தன்தான் திரும்பி வந்து அவர் காலில் விழுந்தான். “மிச்சம் ஒம்போது பேர் எங்க போனாங்க? நன்றிகெட்டவங்க!” என்று முழங்கினார். அந்த வேகத்திலேயே, “நம்ம மாரிச்செல்வி திரும்பி வந்த அந்த ஒருத்தன் மாதிரி. எந்திரிச்சு சாட்சி சொல்லும்மா” என்றார். நல்ல மனுஷன்தான்; யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

எழுந்தாள். ஸ்தோத்திரம் வரவில்லை.

“அவிய நன்றிகெட்டவிய இல்லய்யா. பொழச்சிருந்தா வந்திருப்பாவ.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். பாயில் உட்கார்ந்திருந்த முப்பிடாதியின் காலடியில் குப்புற விழுந்தாள். “யக்கா, நான் மட்டும் வந்துட்டேனே… என்னய மன்னிச்சிரு யக்கா.”

முப்பிடாதி நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கி, சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.