பைப் மீன் ஜோடியும் ஒரு கொசுறும்

கடல்மீன் தொட்டி வியாபாரத்தில் மீனை விற்பது கொஞ்ச நேர வேலை. விற்ற மீனுக்குப் பதில் சொல்வதுதான் மீதி ஆயுசு. கடை வைத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் எல்லாருக்கும் இது புரியும். நான் படித்த படிப்பு, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் அடுத்தவன் கடைத் தொட்டிகளைக் கழுவியது. பேரம், கோபம் இரண்டும் அங்கே கற்றதுதான். இப்போது ரெட்டியார்பாளையத்தில் சொந்தக் கடை.

வலையில் வந்தது

தேங்காய்த்திட்டில் படகுக்குப் போகும் சேகர் ஒருநாள் பெயின்ட் வாளியோடு வந்தான். உள்ளே கடல்தண்ணீரில் ஒரு பைப் மீன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கடல்குதிரையைத் தலையும் வாலும் பிடித்து நேராக இழுத்தால் அதுதான் பைப் மீன். வாய் உறிஞ்சுகுழல் மாதிரி, பல் கிடையாது. பாதுகாக்கப்பட்ட இனம் என்பதால் நம் கடலில் பிடித்ததைத் தொட்டால் வனத்துறை கேஸ். வெளிநாட்டுப் பண்ணையில் பிறந்து பேப்பரோடு வருவதைத்தான் நான் விற்கிறேன்.

கண்டபடி திட்டி, உயிர் இருக்கும்போதே கொண்டுபோய் முகத்துவாரத்தில் விடச் சொன்னேன். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கேட்டான்: “விக்கவும் கூடாது, வளக்கவும் கூடாது. இத அதுக்கு யாருண்ணே சொல்றது? வலையில வந்து ஏறுதே!”

கொசுறு

மதாம் என்று நான் கூப்பிடும் அம்மாளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. டவுனில் தனியாக இருக்கிறார். வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், இப்போது இல்லை. கூடத்தில் ஒரு ரீஃப் தொட்டி. பல வகைப் பவளங்களும் தீனிக்குப் பறக்காத ஒரு ஜோடி க்ளௌன் மீனும் ஒன்றாக வாழ்கிற தொட்டி. அதில் விட பண்ணை பைப் மீன் ஜோடி கேட்டார். நான் படித்துப் படித்துச் சொன்னேன்: இதற்கு இரைப்பையே கிடையாது, நாள் முழுக்கக் கொறிக்க வேண்டும், வேகமாகத் தின்கிற மீன் ஒன்று கூட இருந்தாலும் இது பட்டினிதான்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு பேரத்துக்கு வந்தார். நான் இறங்கவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கொசுறாவது கொடு என்று பிடித்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யாரும் வாங்காமல், மற்ற மீன்களைக் கடித்துக்கொண்டு கிடந்த நீல டாம்சல் மீன் ஒன்றை அள்ளிப் பையில் போட்டுக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: “கொசுறு இல்லாம நான் கொத்தமல்லி கூட வாங்கினதில்ல, தம்பி.”

கப்பொரால்

கொஞ்ச நாளில் போன். பைப் மீன் இளைக்கிறதாம். போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. தினம் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையைப் பொரிக்க வைத்து, தூசி மாதிரி இருக்கும் அந்தக் குஞ்சுகளை ஊற்றச் சொல்லியிருந்தேன். அதில் மதாம் குறையே வைக்கவில்லை. என் எதிரிலேயே ஊற்றினார். பைப் மீன் ஒரு குஞ்சை இந்தக் கண்ணால் பார்த்து, அந்தக் கண்ணால் பார்த்து, வாயைக் கிட்டே கொண்டுபோவதற்குள் டாம்சல் மொத்தத்தையும் வழித்துவிட்டது. கொழுகொழுவென்று இருந்தது.

இவனை எடுத்தாக வேண்டும் என்றேன். மதாம் சம்மதிக்கவில்லை. அவனுக்கு ‘கப்பொரால்’ என்று வீட்டுக்காரரின் பட்டாளப் பதவியைப் பேராக வைத்தாகிவிட்டதாம். கேட்டு வாங்கியது யார் என்று கத்தினேன். எடுத்துக் கொடுத்தது யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் தொட்டியைக் காட்டிச் சொன்னார்: “கப்பொரால் முன்னால வந்து நிக்கிறான், சாப்புடுறான். உன் குச்சிங்க யோசிச்சிக்கினு நிக்குதுங்க. அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?”

வயிற்றில் ஒட்டியது

மறுபடி போனபோது பைப் மீன்களில் ஒன்றின் அடிவயிற்றில் இளஞ்சிவப்பு மணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மதாம் ஏதோ நோய் என்று பயந்துபோயிருந்தார். நோயில்லை, முட்டை, இந்த இனத்தில் பெண் மீன் ஆணின் வயிற்றில் ஒட்டிவிட்டுப் போய்விடும், சுமப்பது அப்பன்தான் என்றேன். இப்படியே பட்டினி கிடந்தால் அப்பனும் போவான், முட்டையும் போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

வலை வீசிப் பார்த்தேன். கப்பொரால் பாறைக்குள் புகுந்துகொண்டது. தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து, உள்ளே தீனி வைத்துப் பொறி செய்தேன். க்ளௌன் மீன்தான் மாட்டியது. பாறையைப் பிரிப்பது ஒன்றுதான் வழி. ஆனால் அதில் மதாம் வருஷக்கணக்காக ஒட்டி வளர்த்த பவளங்கள். தூக்கினால் உடையும். பவளங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முட்டை சுமந்த மீனைக் குனிந்து பார்த்தார். உள்ளே போய், பாறைகளை எடுத்து வைக்கப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை இழுத்துவந்து என் காலடியில் போட்டார்: “வயித்துப் புள்ளக்காரன் பசியோட நிக்கிறான், நீ பவளத்தப் பாத்துக்கினு நிக்கிறியே. பிரி.”

ஒரு டம்ளர் குஞ்சு

பிரித்தேன். கிளைப் பவளம் ஒன்று இரண்டாக முறிந்தது. கப்பொரால் கடைசிப் பாறையின் பொந்தை விட்டு வரவேயில்லை. பாறையோடு தூக்கி வாளியில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு பைப் மீன்கள் நிதானமாக, ஒவ்வொன்றாகத் தின்று வயிறு நிமிர்ந்தன.

ஒரு காலையில் மதாமே ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் மூடி போட்ட கண்ணாடி டம்ளர். வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது: முடித்துண்டு மாதிரி ஏழெட்டுக் குஞ்சுகள். மற்றதெல்லாம் பவளத்துக்கும் க்ளௌனுக்கும் இரையாகிவிட்டதாம். இதை வளர்ப்பது லேசில்லை, ஆர்ட்டீமியாவே இதன் வாய்க்குப் பெரிது, அதைவிடப் பொடியான உயிர்த்தீனி வளர்க்க வேண்டும், ஆகாத வேலை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைக் கூடப் பார்க்காமல் சொன்னார்: “உனக்குத் தெரியாதுன்னா சொல்லிடு தம்பி, தப்பில்ல. தெரிஞ்ச கடையா பாத்துக் குடுத்துட்டுப் போறேன்.”

தெரியாது என்ற வார்த்தையைக் கேட்டால் பொறுக்காத என்னைப் போன்றவன் இந்தத் தொழிலுக்கு வந்தால், அதில் ஒரு காசு வராவிட்டாலும், யாரோ ஒரு மீன் பெற்ற பிள்ளைகளுக்குத் தாய்மாமனாகித் தீனி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.